முத்திரையும் முந்நூறு ரூபாயும்

(சர்வதேச மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டி நடைபெற்ற கட்சி வகுப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



2015 டிசம்பர் 27 அன்று ‘மனதின் குரல்’ வானொலி உரையில் பிரதமர் ஒரு யோசனையை முன்வைத்தார். இந்தியில் நெடுங்காலமாக வழங்கிவரும் ‘விகலாங்’ என்ற சொல்லை விடுத்து, இனி ‘திவ்யாங்’ என்று சொல்லலாமே என்பது அந்த யோசனை. விகலாங் என்றால் உறுப்புக் குறைந்தவர். திவ்யாங் என்றால் தெய்வீக உறுப்பு வாய்த்தவர். அடுத்த ஆண்டே ஒன்றிய அரசுத் துறையின் இந்திப் பெயர் மாற்றப்பட்டது. பெயர்ப்பலகைகளும் படிவங்களும் அறிவிப்புகளும் மாறின. ஊனமுற்றோர் உரிமைகளுக்கான தேசிய மேடை உள்ளிட்ட பல அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. தங்களிடம் தெய்வீகம் ஏதுமில்லை, தங்களுக்கு வேண்டுவது சாய்தளமும் வேலையும் கல்வியும்தான் என்று அவை எழுதின. யாருக்குப் பெயர் சூட்டப்பட்டதோ அவர்களுடைய சொல் எடுபடவில்லை.

அதே அரசின் கணக்குப் புத்தகத்தையும் உடன் வைத்துப் பார்க்க வேண்டும். இந்திரா காந்தி தேசிய ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தின்கீழ் ஒன்றிய அரசு தரும் தொகை மாதம் 300 ரூபாய். வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருக்க வேண்டும். 80 விழுக்காடோ அதற்கு மேலோ ஊனம் இருப்பதாகச் சான்றிதழ் வேண்டும். அப்போதுதான் அதுவும் கிடைக்கும். 2012இல் நிர்ணயிக்கப்பட்ட தொகை அது. சொல் தெய்வீகமான பிறகும் நாளொன்றுக்குப் பத்து ரூபாய் என்ற கணக்கு நகரவில்லை. போதாததற்கு, 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது சக்கர நாற்காலியின் மீதும் பிரெயில் கருவிகளின் மீதும் 5 விழுக்காடு வரி விதிக்கப்பட்டது. நடக்க இயலாதவர் நகர்வதற்கும், பார்வையற்றவர் எழுதுவதற்கும் அரசுக்கு வரி செலுத்த வேண்டும் என்பது இதன் பொருள்.

பெயரை உயர்த்துவதற்குக் கருவூலத்திலிருந்து ஒரு காசும் செலவில்லை. உரிமையை வழங்குவதற்குச் செலவுண்டு. இந்த வேறுபாட்டை இந்நாட்டின் ஒடுக்கப்பட்ட மக்கள் முன்பே ஒருமுறை அனுபவத்தில் கற்றிருக்கிறார்கள். தீண்டாமைக்கு ஆளான மக்களுக்குக் காந்தியடிகள் ‘ஹரிஜன்’ என்ற பெயரை வழங்கினார். கடவுளின் மக்கள் என்பது பொருள். அம்பேத்கர் அதை ஏற்கவில்லை. கிணற்றையும் நிலத்தையும் தேர்தல் தொகுதியையும் கேட்டவர்களுக்குக் கடவுளின் உறவு வழங்கப்பட்டது. தலித் என்ற சொல் அம்மக்களே தங்களுக்கு எடுத்துக்கொண்ட சொல். நசுக்கப்பட்டவர் என்று அது சொல்கிறது. நசுக்கியவர் எவர் என்ற கேள்வியையும் உடன் எழுப்புகிறது. கடவுளின் மக்கள் என்ற பெயரில் அந்தக் கேள்விக்கு இடமே இல்லை. திவ்யாங் என்ற சொல்லிலும் இல்லை.

வடநாட்டில் இத்தகைய மரியாதைப் பெயர்கள் புதியனவும் அல்ல. பார்வையற்ற ஒருவரை, அவருடைய சொந்தப் பெயர் எதுவானாலும், ‘சூர்தாஸ்’ என்று அழைப்பது அங்கே பழைய வழக்கம். பக்திக் கவிஞரின் பெயர் ஆதலால் அது இழிவு ஆகாது என்று சொல்வோருண்டு. ஆனால் ஊரில் உள்ள பார்வையற்றோர் அனைவருக்கும் ஒரே பெயர் என்றால், அவர்களில் எவருக்கும் பெயரில்லை என்றுதான் ஆகிறது. 1925இல் வெளிவந்த ‘ரங்கபூமி’ நாவலில் பிரேம்சந்த் இந்தப் பெயரை வேண்டுமென்றே எடுத்துக்கொண்டார் போலும். அதன் நாயகன் சூர்தாஸ் பார்வையற்ற பிச்சைக்காரர். சிகரெட் ஆலைக்காகத் தன் நிலத்தைக் கேட்கும் முதலாளியை எதிர்த்து நிற்கிறார். இரக்கத்துக்கு உரியவராக மட்டுமே ஊர் பார்த்த ஒருவரை நிலப் போராட்டத்தின் நடுவில் நிறுத்தியதில் அந்த எழுத்தாளரின் அரசியல் இருக்கிறது.

சோறும் துணியும்

முத்திரை குத்துவதற்கும் சொத்துக்கும் உள்ள உறவு இந்நாட்டில் மிகப் பழமையானது. மநுநூலின் ஒன்பதாம் அத்தியாயம் பாகப்பிரிவினை பற்றிப் பேசுமிடத்தில், பிறவியிலேயே பார்வையற்றோர், செவிப்புலன் அற்றோர், பேச இயலாதோர், மனநோயுற்றோர் முதலியோரை ஒரு பட்டியலில் வைத்து, தந்தையின் சொத்தில் அவர்களுக்குப் பங்கில்லை என்கிறது. அடுத்து, பங்கை எடுத்துக்கொள்ளும் மற்றவர்கள் இவர்களுக்கு உணவும் உடையும் அளித்துவர வேண்டும் என்கிறது. பங்கைப் பறித்துக்கொண்டு சோறு போடுவது: இந்தியச் சமூகம் ஊனத்தைக் கையாண்ட முறையின் முழு வரைபடமும் இந்த இரண்டு விதிகளுக்குள் அடங்கிவிடுகிறது. கருணை என்பது பறிக்கப்பட்ட பங்கின் மீது கிடைக்கும் வட்டி. மேலே சொன்ன முந்நூறு ரூபாயும் அந்தக் கணக்கில்தான் வருகிறது.

இது புராணகாலத்துச் செய்தி என்று ஒதுக்கிவிட முடியாது. ஆங்கிலேயர் ஆட்சியில் நீதிமன்றங்கள் இந்த விதிகளை ‘இந்துச் சட்டம்’ என்ற பெயரில் நடைமுறைப்படுத்தின. அண்ணனுக்குக் கண் தெரியாது என்று நிரூபித்து அவன் பங்கைத் தம்பி எடுத்துக்கொள்ளச் சட்டம் வழிவிட்டது. 1928ஆம் ஆண்டுச் சட்டம் இத்தடையை நீக்கியது. அப்போதும் பிறவி மனநோயாளர், பிறவி அறிவு வளர்ச்சிக் குறைபாடு உடையோர் ஆகிய இரு சாராரை மட்டும் விலக்கியே வைத்தது. அந்த எச்சத்தையும் துடைத்தெறிய 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம், 28ஆம் பிரிவு, தேவைப்பட்டது. பட்டியலில் இருந்த ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு காணி நிலம் இருந்தது என்பதை மறந்துவிட்டு, இவை அறியாமையால் வந்த வசைச்சொற்கள் என்று மட்டும் பேசினால் பாதி உண்மைதான் பேசியதாகும்.

பட்டியல் போடும் பழக்கத்தைக் காலனி அரசும் தொடர்ந்தது. 1872இல் தொடங்கி 1931 வரை, பார்வையற்றோர், காது கேளாதோர், மனநோயாளர், தொழுநோயாளர் ஆகியோரை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு எண்ணியது. பிறகு ஐம்பதாண்டுக் காலம் யாரையும் எண்ணவில்லை. ஐ.நா. அறிவித்த சர்வதேச ஊனமுற்றோர் ஆண்டான 1981இல் மறுபடியும் எண்ணினார்கள். ஆனால் ‘முற்றிலும்’ பார்வையற்றவரா, ‘முற்றிலும்’ முடமானவரா, ‘முற்றிலும்’ ஊமையா என்றுதான் கேட்டார்கள். நாடு முழுவதும் ஏறத்தாழ 11 லட்சம் பேர் என்று விடை வந்தது. 1991இல் கேள்வியே இல்லை. ஊனமுற்றோர் இயக்கம் போராடிய பிறகு 2001இல் ஐந்து வகைகளில் கேட்டபோது எண்ணிக்கை 2.19 கோடி. 2011இல் எட்டு வகைகளில் கேட்டபோது 2.68 கோடி. இருபதாண்டுக்குள் 11 லட்சம் பேர் இரண்டு கோடியாகப் பெருகிவிடவில்லை. கேள்வியில் இருந்த ஒற்றைச் சொல் அத்தனை கோடி மக்களை அரசின் கண்ணிலிருந்து மறைத்திருந்தது.

விரலின் விலை

நிலவுடைமைச் சமூகம் ஊனமுற்றவரைப் பங்கிலிருந்து விலக்கியது; வீட்டிலிருந்து விலக்கவில்லை. வயலிலும் தறியிலும் மாட்டுக் கொட்டிலிலும் அவரவர் வேகத்திற்கேற்ற வேலை இருந்தது. அதைப் பொற்காலமாகக் காட்டத் தேவையில்லை. கசப்பும் அடியும் அங்கேயும் உண்டு. இயந்திரம் வந்தபோது வேகத்தை இயந்திரம் நிர்ணயித்தது. அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்கும் உடல் ‘இயல்பான’ உடல் ஆயிற்று; ஈடுகொடுக்காதது குறையுடல் ஆயிற்று. மூலதனத்தின் முதல் தொகுதியில், ஒப்பீட்டு உபரி மக்கள்தொகையின் அடித்தட்டைப் பற்றி எழுதும்போது மார்க்ஸ் இதைத் தவறவிடவில்லை. ஆபத்தான இயந்திரங்களாலும் சுரங்கங்களாலும் இரசாயன ஆலைகளாலும் உறுப்பிழந்தோர், நோயுற்றோர், கணவரை இழந்தோர் எல்லாரையும் தொழில்துறையின் பலிகள் என்ற தலைப்பிலேயே அவர் வைக்கிறார்.

அந்தப் பலிகளுக்கு விலைப்பட்டியலும் உண்டு. 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணையைத் தொழிற்சங்கத் தோழர்கள் நன்கு அறிவார்கள். கட்டைவிரல் முழுதும் போனால் சம்பாதிக்கும் திறனில் 30 விழுக்காடு இழப்பு. ஒரு கையின் நான்கு விரல்களும் போனால் 50. ஆள்காட்டி விரல் மட்டும் போனால் 14. சட்டம் இன்று தொகுப்புச் சட்டத்துக்குள் அடைக்கப்பட்டுவிட்டாலும் இந்தத் தர்க்கம் அப்படியே இருக்கிறது. இழப்பீடே இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் இது தொழிலாளர் போராடிப் பெற்ற பாதுகாப்புத்தான். அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் அரியானாவின் மோட்டார் உதிரிபாகப் பட்டறைகளில் அழுத்து இயந்திரத்தில் விரலைக் கொடுத்துவிட்டு நிற்கும் ஒப்பந்தத் தொழிலாளியின் கதை அட்டவணையோடு முடிவதில்லை. பட்டறைக்கு அவர் இனி ‘விரல் போனவர்’. அந்தப் பெயரோடு அடுத்த பட்டறை வாசலில் போய் நின்றால் வேலையில்லை. பாதுகாப்புச் சாதனம் பொருத்தாத முதலாளிக்கு அப்படி ஒரு பெயரும் ஒட்டுவதில்லை.

முத்திரை எவ்வளவு பணத்தை மிச்சப்படுத்தும் என்பதற்குப் போபாலைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1984 டிசம்பர் 2-3 இரவில் யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து கசிந்த நச்சுவாயு அந்நகரத்தின் நுரையீரலையும் கண்களையும் அழித்தது. 1989இல் 47 கோடி டாலருக்கு ஒப்பந்தம் முடிந்தது. பிறகு பாதிக்கப்பட்டவர்களை வகைபிரித்தார்கள். நிரந்தர ஊனம் என்ற வகையில் ஏறத்தாழ 4,900 பேர்தான் சேர்க்கப்பட்டார்கள். 5,27,000க்கும் மேற்பட்டோர் ‘சிறு காயம்’ என்ற தலைப்பின்கீழ் போனார்கள். அவர்களுக்கு 25,000 ரூபாய். பல ஆண்டுகள் கழித்து அதே அளவில் இன்னொரு தவணை. மூச்சிரைப்போடு முப்பது ஆண்டு வாழ்ந்தவர், வேலைக்குப் போக முடியாதவர், பார்வை மங்கியவர் எல்லாரும் அந்த ஏட்டில் சிறு காயக்காரர்கள். ஊனமுற்றவர் என்ற பெயரைத் தவிர்க்க நினைக்கும் சமூகத்தில், போபாலின் மக்கள் அந்தப் பெயருக்காகவே வழக்காட வேண்டியிருந்தது. கூடுதல் இழப்பீடு கோரிய சீராய்வு மனுவும் 2023 மார்ச் 14 அன்று உச்ச நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று.

இந்த இடத்தில் ஒரு கோட்பாட்டு விளக்கம் உதவும். 1976இல் பிரிட்டனில், உடற்குறைபாடு உடையோர் தாமே அமைத்த ஓர் அமைப்பு ஓர் ஆவணம் வெளியிட்டது. அதில் முன்நின்றவர்களுள் ஒருவர் விக் ஃபிங்கல்ஸ்டீன். தென்னாப்பிரிக்காவில் நிறவெறியை எதிர்த்துச் சிறைசென்று, பின் பிரிட்டன் வந்து சேர்ந்தவர். உடலில் உள்ள குறைபாடு வேறு, அந்தக் குறைபாட்டின்மேல் சமூகம் சுமத்தும் ஊனம் வேறு என்று அந்த ஆவணம் பிரித்துக் காட்டியது. கால் செயல்படாதது குறைபாடு. படிக்கட்டு மட்டுமே வைத்துக் கட்டிய அஞ்சலகம் அவரை ஊனமாக்குகிறது. நிறவெறி அரசு எந்தப் பலகையை எங்கே வைத்தது என்பதை அனுபவித்த ஒருவருக்கு இந்த வேறுபாடு எளிதில் புலப்பட்டதில் வியப்பில்லை. வலியையும் களைப்பையும் இந்த விளக்கம் போதிய அளவு பேசவில்லை என்ற விமர்சனம் பின்னாளில் இயக்கத்துக்குள்ளிருந்தே வந்தது; அது நியாயமான விமர்சனமே. ஆயினும் கேள்வியை உடலிலிருந்து கட்டடத்துக்குத் திருப்பிவிட்டது அந்த ஆவணம்.

விழுக்காட்டின் கொடுங்கோன்மை

இந்தியாவில் 1995ஆம் ஆண்டுச் சட்டம் ஏழு வகை ஊனங்களை ஏற்றது. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம் 21 வகைகளை ஏற்கிறது. அரசுப் பணியில் 4 விழுக்காடு, உயர்கல்வியில் 5 விழுக்காடு இடஒதுக்கீடு தருகிறது. பொதுவெளியில் வேண்டுமென்றே இழிவுபடுத்தினால் ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறை என்று அதன் 92ஆம் பிரிவு கூறுகிறது. போராடிப் பெற்ற சட்டம் இது. ஆனால் அதன் பெரும்பாலான கதவுகள் 40 விழுக்காடு என்ற சாவிக்கே திறக்கின்றன. 2024 அக்டோபரில் திருத்தப்பட்ட விதிகளின்படி அடையாள அட்டைகளுக்கு நிறமும் வந்துவிட்டது: 40க்குக் கீழே வெள்ளை, 40 முதல் 80 வரை மஞ்சள், அதற்கு மேல் நீலம். மாவட்டத் தலைமை மருத்துவமனையின் தாழ்வாரத்தில் முழுநாள் காத்திருந்து, மருத்துவக் குழுவின்முன் சட்டையைக் கழற்றி நின்று, 38 விழுக்காடு என்ற எண்ணோடு திரும்பும் மனிதருக்கு அந்த இரண்டு விழுக்காடு எங்கே போயிற்று என்பது கடைசிவரை விளங்காது.

இந்த எண் இருபுறமும் வெட்டும். எழுதும்போது கை இறுகிப்போகும் நோயுள்ள ஒருவர் குடிமைப் பணித் தேர்வில் உதவி எழுத்தர் கேட்டார். 40 விழுக்காடு இல்லை என்று மறுக்கப்பட்டார். 2021 பிப்ரவரி 11 அன்று உச்ச நீதிமன்றம் தலையிட்டு, எழுத்தர் உதவியைப் பெற அந்த எண் தேவையில்லை என்றது. இன்னொரு பக்கம், மருத்துவப் படிப்பில் சேர வந்த ஒரு மாணவருக்குப் பேச்சு, மொழிக் குறைபாடு 44 விழுக்காட்டுக்கு மேல் என்று சான்றளித்தார்கள். இடஒதுக்கீட்டுக்கு 40 வேண்டும். ஆனால் 40ஐ எட்டினால் படிக்கவே தகுதியில்லை என்பது விதி! குறைந்தால் சலுகை இல்லை, எட்டினால் இடமில்லை. வெறும் எண்ணை வைத்து ஒருவரைத் தகுதியற்றவர் என்று சொல்லக்கூடாது, அவரால் படிக்க இயலுமா என்று பார்க்க வேண்டும் என்று 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குடிமைப் பணித் தேர்வில் தேறிய ஈரா சிங்காலுக்கு, தள்ளவும் இழுக்கவும் தூக்கவும் இயலாது என்று காரணம் சொல்லிப் பணி மறுத்தார்கள். வருவாய்த் துறை அதிகாரி எதைத் தள்ளுகிறார், எதைத் தூக்குகிறார் என்று எவரும் விளக்கவில்லை. நிர்வாகத் தீர்ப்பாயத்தில் வென்ற அவர், 2014ஆம் ஆண்டுத் தேர்வில் நாட்டிலேயே முதலிடம் பெற்றார்.

முதலிடம் பெற்றவர்களின் கதையில் ஓர் ஆபத்தும் உண்டு. ‘ஊனத்தை வென்ற சாதனையாளர்’ என்ற முத்திரை, சாதிக்காத மற்றவர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிடுகிறது. முதலிடம் பெறாத பார்வையற்ற இளைஞருக்கும் எழுத்தர் வேலை வேண்டும், பேருந்து நிறுத்தம் வேண்டும், சம்பளம் வேண்டும். இயல்பான உடலுடையோரில் எத்தனை பேர் நாட்டின் முதலிடம் பெற்றிருக்கிறார்கள்?

சாதனையும் பாதுகாப்பதில்லை. பெருமூளை வாதம் உள்ளவரும் உரிமைச் செயற்பாட்டாளருமான ஜீஜா கோஷ், 2012 பிப்ரவரியில் கொல்கத்தாவிலிருந்து கோவாவில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் புறப்பட்டார். தனியார் விமானம் ஒன்றில் ஏறி அமர்ந்த பிறகு இறக்கிவிடப்பட்டார். அவர் உடல் அசைந்த விதத்தைப் பார்த்து நோயாளி என்று முடிவுகட்டிவிட்டார்கள். அவரிடம் கேட்கத் தோன்றவில்லை. உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட 2016 ஆயிற்று. அரசோ இதைவிடக் கடுமையாக நடந்துகொண்டது. நடுக்குவாத நோயால் குவளையைப் பிடிக்க இயலாத 83 வயது ஸ்டான் சுவாமி, 2020 நவம்பரில் சிறையிலிருந்து ஓர் உறிஞ்சுகுழலுக்காக நீதிமன்றத்தை அணுக நேர்ந்தது. அடுத்த ஆண்டு சூலை 5 அன்று காவலிலேயே அவர் உயிர் பிரிந்தது. 90 விழுக்காடு ஊனத்தோடு சக்கர நாற்காலியில் வாழ்ந்த பேராசிரியர் ஜி.என். சாய்பாபா 2014இல் கைதானார். 2024 மார்ச் 5 அன்று பம்பாய் உயர் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அக்டோபர் 12 அன்று இறந்தார். தெய்வீக உடல் என்ற சொல் சிறைக் கதவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது.

நம் நாவில் இருப்பது

பிறரைக் குறைசொல்வதோடு இவ்வுரை நின்றுவிடலாகாது. 2024 சூலை 8 அன்று, திரைப்படங்களில் ஊனமுற்றோர் சித்திரிக்கப்படும் முறை பற்றி உச்ச நீதிமன்றம் நெறிமுறைகளை வகுத்தது. இழிவுபடுத்தும் நகைச்சுவைக்கும், ஊனத்தைப் புரியவைக்கும் நகைச்சுவைக்கும் உள்ள வேறுபாட்டை எடுத்துச் சொல்லியது. திரைப்படங்களுக்குச் சொன்னது கட்சிப் பத்திரிகைகளுக்கும் பொருந்தும். இடதுசாரி இதழ்களின் தமிழ்ப் பக்கங்களைப் புரட்டினால் என்ன காணக் கிடைக்கிறது? ‘செவிட்டு அரசு’, ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’, ‘நொண்டிச் சாக்கு’, ‘குருட்டுத்தனமான தனியார்மயம்’, ‘முடமாக்கப்பட்ட பொதுத்துறை’. மொழிபெயர்க்கும் தோழரின் கையில் மூலத்தில் இல்லாத இடத்திலும் இவை வந்து ஒட்டிக்கொள்கின்றன; அத்தனை பழகிய சொற்கள்.

நயத்தக்க நாகரிகம் கருதி மட்டும் இவற்றை விலக்க வேண்டும் என்று கொள்ள வேண்டாம். இவை அரசியல் அளவிலும் பிழையானவை. காது கேளாதவரால் கேட்க இயலாது. அரசுக்கு நன்றாகவே கேட்கிறது. தில்லி எல்லையில் ஓராண்டுக்கும் மேல் அமர்ந்திருந்த விவசாயிகளின் முழக்கம் அதன் காதில் விழாமல் இல்லை. கேட்டுவிட்டு மறுத்தது. தனியார்மயம் கண்ணைத் திறந்துகொண்டு, இலாபம் எங்கே என்று துல்லியமாகப் பார்த்துத்தான் செய்யப்படுகிறது. ஆளும் வர்க்கத்தின் திட்டமிட்ட செயலை உடலின் இயலாமையாக வருணித்தால், ஆளும் வர்க்கத்துக்குச் சலுகையும் காது கேளாதவருக்கு அவமானமும் ஒரே சொல்லில் வழங்கியதாகும். ‘கேளாதது போல் நடிக்கும் அரசு’ என்று எழுதினால் இரண்டு சொல் கூடுதல், உண்மையும் கூடுதல்.

தமிழ் இலக்கியமும் இதில் குற்றமற்றதன்று. புறநானூற்றின் 28ஆம் பாடல் கூன், குறள், செவிடு என எட்டு வகைப் பிறப்புகளை எண்ணி, ‘எச்சம்’ என்று பெயரிட்டு, பயனற்றவை என ஒதுக்குகிறது. அதே சமயம் முடத்தாமக்கண்ணியார், உறையூர் ஏணிச்சேரி முடமோசியார் என்ற பெயர்களும் சங்கப் பாடல்களின் கீழ் நிற்கின்றன. பொருநராற்றுப்படை பாடியவரை இன்றைக்கும் அவர் காலை முன்னிட்டே அழைத்துவருகிறோம். பழக்கத்தில் அது கண்ணில் படுவதுகூட இல்லை.

‘மாற்றுத்திறனாளி’ என்ற சொல்லைப் பற்றியும் கேள்வி எழும். தமிழ்நாட்டில் 2010 வாக்கில் கலைஞர் ஆட்சியில் ‘ஊனமுற்றோர்’ என்பதற்கு மாற்றாக அரசு வழக்கில் வந்த சொல் இது. தெய்வத்தை இழுக்காத வகையில் இந்திச் சொல்லைவிட மேலானது. ஒரு புலன் இல்லாதவருக்கு அதற்கு மாற்றாக வேறொரு திறன் கட்டாயம் இருந்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதில் ஒளிந்திருக்கிறது என்ற தடையும் நியாயமானதே. ஆனால் தமிழ்நாட்டில் அம்மக்களின் அமைப்புகள் அந்தச் சொல்லைத் தங்கள் பதாகைகளில் ஏற்றுக்கொண்டு, அதன்கீழ் நின்று மறியல் செய்கின்றன. ஆகவே மனிதரைச் சுட்ட அந்தச் சொல்லையும், சமூகம் சுமத்தும் நிலையைச் சுட்ட ‘ஊனம்’ என்ற சொல்லையும் இவ்வுரை ஆள்கிறது. நாளை அவர்கள் வேறு சொல்லைத் தேர்ந்தால் பத்திரிகையும் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

கட்சி வரலாற்றில் ஒரு பெயரை இங்கே நினைவுகூர வேண்டும். ஜனசங்கத்தின் நிறுவனர் சியாமா பிரசாத் முகர்ஜி மறைந்ததையொட்டி, 1953இல் கல்கத்தா தென்கிழக்குத் தொகுதிக்கு இடைத்தேர்தல் வந்தது. கம்யூனிஸ்ட் கட்சி நிறுத்திய வேட்பாளர் சாதன் குப்தா; வழக்குரைஞர், குழந்தைப் பருவத்திலேயே பார்வை இழந்தவர். வெற்றிபெற்று, சுதந்திர இந்தியாவின் முதல் பார்வையற்ற நாடாளுமன்ற உறுப்பினர் ஆனார். 1957இலும் மக்களவைக்குச் சென்றார். பின்னாளில் இடது முன்னணி ஆட்சியில் மேற்கு வங்கத்தின் அரசுத் தலைமை வழக்குரைஞராகப் பணியாற்றினார். 2015இல் மறைந்தார். அவரைக் கட்சி இரக்கத்தின்பேரில் நிறுத்தவில்லை. வெல்லக்கூடியவர், வாதாடக்கூடியவர் என்று நிறுத்தியது. உரிமைச் சட்டம் எதுவும் பிறவாத காலம் அது. அதற்குப் பின் வந்த எழுபதாண்டுகளில் இடதுசாரிகளின் வேட்பாளர் பட்டியல்களில் அத்தகைய பெயர்கள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால், பெருமையோடு கொஞ்சம் கூச்சமும் சேர்ந்தே வரும்.

இறுதியாக, கைக்கெட்டிய ஒரு வேலை. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு ஆறாண்டு தள்ளி 2027க்கு வந்து நிற்கிறது. இடையில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின் ஆறாம் சுற்றில் ஊனம் பற்றிய கேள்வியையே நீக்கிவிட்டார்கள். ஆகவே இந்தக் கணக்கெடுப்பில் எப்படிக் கேட்கிறார்கள் என்பது பெரிய கேள்வி. ‘இவர் ஊனமுற்றவரா?’ என்ற பாணியில்தான் 2011இல் கேட்டார்கள். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டில், மகனுக்குக் காது கேளாது என்பதைத் தாய் சொல்லமாட்டார். மனநலச் சிகிச்சையில் இருக்கும் மருமகளை எவரும் கணக்கில் சேர்க்கமாட்டார்கள். வயதாகி நடை தளர்ந்த பாட்டி, ‘எனக்கு ஊனமெல்லாம் இல்லை, வயசுதான்’ என்பார். முத்திரைக்கு அஞ்சிய மக்கள் கணக்கிலிருந்து தாமே விலகிக்கொள்கிறார்கள். கணக்கில் இல்லாததால் நிதியும் இல்லை.

இதற்கு மாற்றான முறையும் உலகில் உண்டு. ஐ.நா. ஆதரவில் 2001இல் அமைந்த வாஷிங்டன் குழுவின் வினாக்களில் ஊனம் என்ற சொல்லே வராது. கண்ணாடி அணிந்தும் பார்ப்பதில் சிரமம் உண்டா? நடப்பதில், படியேறுவதில் சிரமம் உண்டா? நினைவில் வைத்துக்கொள்வதில்? குளிப்பதில், உடுத்துவதில்? சிரமமில்லை, ஓரளவு, மிகுதி, முடியவே முடியாது என நான்கு விடைகள். இப்படிக் கேட்டால் அந்தப் பாட்டி விடை சொல்லிவிடுவார். இவ்வாறு கேட்க வேண்டும் என்ற கோரிக்கையை மாற்றுத்திறனாளி அமைப்புகளோடு சேர்ந்து கட்சியும் உரத்து எழுப்ப வேண்டும். அரசு பழைய கேள்வியையே வைத்தாலும், கணக்கெடுப்பாளர் கதவைத் தட்டுவதற்கு முன்பே கிளைத் தோழர்கள் அந்தத் தெருக்களுக்குச் சென்று, மறைக்க வேண்டாம், பதிந்துகொள்ளுங்கள் என்று பேசியிருக்க வேண்டும். சான்றிதழ் இல்லாதோர் யார், ஓய்வூதியம் கிடைக்காதோர் யார் என்ற பட்டியலும் அப்போதே தயாராகிவிடும். அந்தப் பட்டியலில் உள்ளோரைக் கிளைக் கூட்டத்துக்கும் அழைக்க வேண்டியிருக்கும். கூட்டம் மாடியில் நடக்கும் கிளைகள், அழைப்புக் கொடுப்பதற்கு முன்னால், கூட்டத்தைக் கீழ்த்தளத்துக்கு மாற்றிக்கொள்ளட்டும்.